இல்லத்தின் திறவுகோல் எவர் கையில்?

தமிழில் 'அகம்' என்னுஞ் சொல் உள் என்றும், உள்ளம் என்றும், வீடு என்றும் மூன்று பொருள் தரும். இம்மூன்றும் ஒன்றன் விரிவாக மற்றொன்று தோன்றியவை. வெளியார் கண்ணுக்கும் செவிக்கும் எட்டாது, உரியவரின் இசைவின்றி வெளிப்படாது நிற்பது எதுவோ அதுவே அகம். இவ்வுண்மையை இலக்கண நெறியாகவே வகுத்தவர் தொல்காப்பியர். அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிப் பாடுதல் கூடாதென்பது அவர் வரைந்த வரம்பு. புறத்திணையில் பெயருக்கும் ஊருக்கும் கொடிக்கும் இடமுண்டு. அகத்திணையில் பெயருக்கு இடமில்லை. வீட்டு வாழ்க்கையைப் பாடவந்த புலவனையே வாயிற்படியில் நிறுத்தி, 'இதற்கு மேல் உனக்கு உரிமையில்லை' என்று சொன்ன இனம் தமிழினம்.

அவ்வினத்தின் வீடுகளுக்குள் இன்று பேசுங் கருவிகள் புகுந்துவிட்டன. விளக்கு, விசிறி, கதவுப் பூட்டு, குளிரூட்டி, அழைப்பு மணி, தொலைக்காட்சி, கண்காணிப்புப் படக்கருவி என ஒவ்வொன்றும் கைப்பேசியோடும் இணையத்தோடும் செய்தி மாற்றிக்கொள்கிறது. 'சுமார்ட் ஓம்' என்று அங்காடியில் விற்கப்படும் இதனைத் திறன்மனை என்று தமிழிற் சொல்லலாம். ஆயின் அத்திறன் எவருடையது? வீட்டுக்காரருடையதா, கருவியை விற்றவருடையதா, இரவில் கன்னமிட வருபவனுடையதா? தமிழர் எண்ண வேண்டிய வினா இது.

திறன்மனையே வேண்டாவென்று விலக்குவார் உரை ஈண்டுப் பொருந்தாது. கைகால் வழங்காத முதியவர் படுக்கையிலிருந்தே விளக்கேற்றுவதும், அடுக்களையில் எரிவளி கசிந்தால் உணரி எழுப்பும் ஒலி உறங்குவாரை எழுப்புவதும், தனித்து வாழுந் தாய் நலமாக இருக்கிறாளா என்று தொலைவிலுள்ள மகன் அறிவதும் நற்பயன்களே. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் பணியாற்ற, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் தமிழ்நாட்டில் பல. அவற்றின் கூடத்துச் சுவரில், விடுமுறைக்கு வந்த பிள்ளை பொருத்திச் சென்ற படக்கருவி ஒன்று நோக்கிக்கொண்டிருப்பது இன்று அரிதன்று. அது மகனின் கண்ணாக இருக்கும்வரை அன்பின் கருவி. மகனல்லாத ஒருவன் அக்கண்ணைத் திறந்து பார்க்க முடியுமானால், அது வீட்டுக்குள் தானே அழைத்து அமர்த்திக்கொண்ட ஒற்று.

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். சொன்னதைச் சொன்னவாறு உரிய இடத்திற் சேர்ப்பவன் தூதன். கண்டதைப் பிறருக்கு உரைப்பவன் ஒற்றன். வீட்டுக்கருவி தூதனாகவே நிற்க வேண்டின் மூன்று கட்டுறுத்தல்கள் வேண்டும். வீட்டுப் பேச்சு வீட்டுக்குள்ளேயே முடிதல் ஒன்று; அப்பேச்சின் திறவுகோல் வீட்டார் கையிலேயே இருத்தல் இரண்டு; அப்பேச்சை ஆளுஞ் சொற்கள் வீட்டார் மொழியிலேயே இருத்தல் மூன்று. இவற்றுள் ஒன்று குறையினும் அம்மனை உரியவரின் மனையாகாது.

பத்தடிக்குப் பல்லாயிரங் கல்

கூடத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் பத்தடி தொலைவிலுள்ள விளக்கை எரியச் செய்யக் கைப்பேசியைத் தொடுகிறார். அங்காடியிற் கிடைக்கும் பல கருவிகளில் அக்கட்டளை விளக்குக்கு நேரே செல்வதில்லை. 'ரூட்டர்' எனப்படும் வீட்டுத் திசைவியை அடைந்து, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வடங்கள் வழியே வெளியேறி, 'கிளவுடு' எனப்படும் முகிலில், அதாவது கருவி விற்ற நிறுவனம் எங்கோ வாடகைக்கு அமர்த்தியுள்ள வழங்கியில், பதிவாகி, அவ்வழங்கியின் ஆணையாக மீண்டும் அதே வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கை எரியச் செய்கிறது. ஒரு நொடிக்குள் இது முடிந்துவிடுவதால் எவரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும்பொழுது கருவியை இயக்க இச்சுற்றுவழி உதவுகிறது என்பது உண்மை. வீட்டுக்குள் இருக்கும்பொழுதும் இதே வழியிற் செல்ல வேண்டுமென்பதற்கு அவ்வுதவி கரணியமாகாது. அவ்வாறு அமைக்கப்படுவதால், வாங்கியவர் விற்றவரைவிட்டு என்றும் விலக முடியாதவராகிறார்.

இதன் விளைவு கற்பனையன்று. அமெரிக்காவில் 'இரிவால்வு' என்னும் நடுக்கருவி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. வீட்டின் விளக்குகளையும் பூட்டுகளையும் ஒருங்கிணைக்கும் அக்கருவியை விற்ற நிறுவனத்தைக் கூகுள் குழுமத்தைச் சேர்ந்த 'நெசுட்டு' 2014-இல் வாங்கியது. 2016 மே 15-ஆம் நாள் அதன் வழங்கி நிறுத்தப்பட்டது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. திருகாணி ஒன்றுகூடத் தளரவில்லை. ஆயினும் அன்றோடு அது வெறும் பெட்டியாயிற்று. விலை கொடுத்து வாங்கிய பொருளை, வாங்கியவர் வீட்டுக்குள்ளேயே, விற்றவர் தம் இருக்கையிலிருந்து கொன்ற நிகழ்ச்சி அது.

2022 ஏப்பிரலில் 'இன்சுடியான்' என்னும் மற்றொரு நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. கைப்பேசிச் செயலிகள் பயனற்றுப்போயின. ஆனால் அங்கு ஒரு வேறுபாடு புலப்பட்டது. இன்சுடியான் கருவிகளுள் ஒன்றோடொன்று நேரே பேசுமாறு முன்னரே அமைக்கப்பட்டிருந்தவை தொடர்ந்து இயங்கின; சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது. அவ்வாண்டு சூனில் பயனாளர் சிலரே ஒன்றுகூடி அந்நிறுவனத்தின் உடைமைகளை வாங்கி வழங்கிகளை மீண்டும் இயக்கினர். வெளியார் ஏமாற்றியபொழுதும் வீட்டுக்குள் முடிந்த பேச்சு ஏமாற்றவில்லை என்பதே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

நிறுவனம் மூடப்பட்டால்தான் இடர் என்பதுமில்லை. 2021 திசம்பர் 7-ஆம் நாளும் 2025 அக்டோபர் 20-ஆம் நாளும் அமெரிக்காவின் வர்சீனியாவிலுள்ள அமேசான் முகில் நிலையங்கள் தடுமாறின. அவற்றை நம்பியிருந்த அழைப்பு மணிகளும் படக்கருவிகளும் குரற்கருவிகளும் பல இடங்களில் வாயடைத்துப்போயின. எங்கோ ஒரு நிலையத்தில் பெயர்க்கணக்குப் பிழைபட்டதற்கு இங்கே ஒரு வீட்டின் வாயில்மணி ஏன் ஊமையாக வேண்டும்? வீட்டு விளக்கு எரிய வீட்டு மின்சாரம் போதும் என்றிருந்த நிலை மாறி, இன்னொரு நாட்டு நிலையத்தின் நலமும் வேண்டும் என்றானால் அதற்குப் பெயர் வளர்ச்சியாகாது. புதுவகைச் சார்பு அது.

எல்லாவற்றினுங் கொடியது 2024 பிப்பிரவரியில் நிகழ்ந்தது. 'வைசு' என்னும் நிறுவனத்தின் படக்கருவிகள் முகில் தடையால் சில மணிநேரம் இயங்காமல், பின் மீண்டும் இணைந்தன. இணைந்த வேளையில் கணக்குகள் கலந்துவிட்டன. ஏறத்தாழ 13,000 பேர்க்குத் தம் வீட்டுப் படத்திற்கு மாறாகப் பிறர் வீட்டுப் படங்கள் காட்டப்பட்டன. அவர்களுள் 1,504 பேர் அப்படங்களைத் தொட்டுப் பெரிதாக்கியும் பார்த்தனர் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. கன்னமிட எவரும் வரவில்லை. பகைவர் எவரும் இலர். எல்லார் வீட்டுக் காட்சிகளையும் ஓரிடத்திற் குவித்து வைத்ததே போதுமானதாயிற்று. நம்பகமும் பாதுகாப்பும் வெவ்வேறு என்று எண்ணுவார்க்கு இவ்வொரு நிகழ்ச்சியே விடை. ஒன்று தளர்ந்த இடத்தில் மற்றொன்றும் உடைந்தது.

ஊருக்கெல்லாம் ஒரே திறவுகோல்

ஓர் ஊரிலுள்ள எல்லாப் பூட்டுகளுக்கும் ஒரே திறவுகோல் என்றால் அவ்வூரிற் குடியிருக்க எவர் இசைவார்? ஆனால் பேசுங் கருவிகளின் உலகில் அதுவே நெடுநாள் வழக்கமாயிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்பொழுதே ஆயிரமாயிரம் கருவிகளுக்கு ஒரே பயனர்பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இடப்பட்டன.

2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல் இணையத்திற் பரவியது. அது செய்த சூழ்ச்சி மிக எளியது. ஏறத்தாழ 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, உலகெங்குமுள்ள படக்கருவிகள், பதிவுக்கருவிகள், வீட்டுத் திசைவிகள் ஆகியவற்றின் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டியது. திறந்தவற்றையெல்லாம் தன் படையிற் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அத்தகைய படையொன்று 'தைன்' என்னும் இணையப்பெயர் வழங்கும் நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் துவிட்டர், நெட்டுபிளிக்சு முதலிய பெருந்தளங்கள் பல மணிநேரம் முடங்கின. மிராயை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தம் வீட்டுச் சுவரிலிருந்த படக்கருவி ஒரு போர்ப்படையின் காலாளாக மாறியதை அவற்றின் உரிமையாளர் அறியவேயில்லை. அவற்றுட் சிலவற்றின் கடவுச்சொல் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததால், அறிந்திருந்தாலும் உரிமையாளரால் அதனை மாற்றியிருக்க முடியாது. பூட்டும் வீட்டுக்காரருடையது, கதவும் வீட்டுக்காரருடையது. திறவுகோலை மட்டும் தொழிற்சாலை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்திருந்தது.

அதே 2016-இல் இசுரேலின் வைசுமன் கழகத்தையும் கனடாவின் தல்லௌசிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பிலிப்சு நிறுவனத்தின் 'இயூ' விளக்குகளை ஆய்ந்தனர். அவ்விளக்குகள் 'சிக்பீ' என்னும் கம்பியில்லா முறையாற் பேசுபவை. அவற்றின் உள்மென்பொருளைக் காக்கும் மறைத்திறவுகோல் ஒரே வகை விளக்குகள் அனைத்திற்கும் பொதுவாக இருந்ததை அவர்கள் கண்டுபிடித்து வெளிக்கொணர்ந்தனர். ஒரு விளக்கில் நுழைந்த தீநிரல் அடுத்த விளக்குக்கும், அதிலிருந்து அடுத்த வீட்டு விளக்குக்கும் தொற்றுநோய்போற் பரவ முடியும் என்று காட்டினர். நிறுவனம் குறையைத் திருத்திய பின்னரே ஆய்வு வெளியிடப்பட்டது. 'விளக்கில் என்ன கமுக்கம் இருக்கப் போகிறது?' என்று கேட்பார்க்கு இவ்வாய்வு தக்க மறுமொழி. விளக்கில் கமுக்கம் இல்லாமலிருக்கலாம். ஆனால் விளக்கும் வீட்டு வலையமைப்புக்குள் ஒரு வாயில்.

வெளியிலிருந்து வருவோர் மட்டுமே இடர் என்பதுமில்லை. அமேசானுக்கு உரிய 'இரிங்கு' என்னும் படக்கருவி நிறுவனத்தின்மீது அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் 2023 மே திங்களில் வழக்குத் தொடுத்தது. 2017-இல் அந்நிறுவனப் பணியாளர் ஒருவன், படுக்கையறையிலும் குளியலறையிலும் பெண்கள் வைத்திருந்த கருவிகளின் பதிவுகளை ஆயிரக்கணக்கிற் பல திங்கள் பார்த்து வந்தான் என்பது அவ்வாணையத்தின் குற்றச்சாட்டு. 58 நூறாயிரம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இசைந்தது. அதே நாளில், சிறுவர்களின் குரற்பதிவுகளைப் பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முழுமையாக அழிக்காது வைத்திருந்ததாக 'அலெக்சா' குரற்கருவிபற்றி எழுந்த வழக்கில், இரண்டரைக் கோடி டாலர் செலுத்த அமேசான் உடன்பட்டது. இரு வழக்கிலும் குற்றத்தை ஏற்கவில்லை என்றே நிறுவனம் கூறியது. ஏற்றாலும் மறுத்தாலும், அகத்தின் காட்சியும் குரலும் அயலார் பெட்டகத்தில் இருந்தமையே வழக்கின் வேர்.

வீட்டுக்குள்ளேயே பேசும் நெறி

வேறு வழி உண்டா எனின், உண்டு. 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்னும் பொதுச்செந்தரம் வெளியிடப்பட்டது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் முதலிய போட்டியாளர்களே ஒன்றுகூடி வகுத்த நெறி அது. அதன்படி கட்டளை வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கருவிக்குக் கருவி நேரே செல்லும். இணையம் அறுந்தாலும் விளக்கு எரியும். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே தனித்தனி அடையாளச் சான்றிதழ் பதிக்கப்படும். வீட்டில் முதன்முறை சேர்க்கும்பொழுது கருவிமீது அச்சிட்ட 11 இலக்க எண்ணையோ கட்டக்குறியையோ காட்ட வேண்டும். அதன்பின் நிகழும் பேச்சு முழுதும் 128 இருமக் கூறுகள் கொண்ட திறவுகோலால் மறையாக்கஞ் செய்யப்படும். அத்தகைய திறவுகோல்கள் எத்தனை இருக்க முடியும் என்று எண்ணினால் விடை 39 இலக்கங்கள் கொண்ட எண்; தட்டித் தட்டித் திறப்பது நடவாது.

பாதுகாப்போடு நம்பகமும் வேண்டும். வைஃபை எனப்படும் அருகலையும், சிக்பீயும், மேட்டர் பயன்படுத்தும் 'திரெட்டு' முறையும் 2.4 கிகாகெர்ட்சு அலைவெண்ணைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நுண்ணலை அடுப்பும் அதே அலைவெண்ணை ஒட்டியே இயங்குகிறது. அடுக்ககங்களில் பக்கத்து வீட்டுத் திசைவிகள் பத்தும் ஒரே வேளையிற் பேசினால், சந்தையிற் பேசுவார் குரல் போலச் செய்தி கலைந்துபோகும். தடித்த சுவரும் இரும்புக் கம்பியிட்ட கற்காரைத் தளமும் அலையைத் தளர்த்தும். இதற்குத் திரெட்டும் சிக்பீயும் கண்ட வழி கண்ணிவலை. மின்னிணைப்பில் நிலையாக உள்ள ஒவ்வொரு விளக்கும் மற்றொன்றின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். ஒன்று அணைந்தால் செய்தி வேறு வழியைத் தேடிக்கொள்ளும். ஊர்க்குளத்தில் தீயணைக்க வரிசையாக நின்று குடம் கைமாற்றுவது போன்றது இது. ஒருவர் விலகினால் மற்றிருவர் கைநீட்டி இடைவெளியை நிரப்புவர். நிலையாக நிறுத்தப்படும் கருவிகளைக் கம்பிவடத்தால் திசைவியோடு இணைப்பது இவை எல்லாவற்றினும் உறுதியானது.

மேட்டரும் முழுமருந்தாகாது. குரற்கருவியிடம் பேசும் பேச்சு பெரும்பாலும் நிறுவன வழங்கிக்கே செல்கிறது. கருவியை முதலில் இயக்கவே நிறுவனக் கணக்குத் தொடங்கச் சொல்லும் செயலிகளும் உள. இங்குதான் கட்டற்ற மென்பொருள் துணை நிற்கிறது. 2013-இல் தொடங்கப்பெற்ற 'ஓம் அசிசுடன்டு' என்னும் மென்பொருளை வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பல நிறுவனக் கருவிகளை வீட்டுக்குள்ளேயே ஆளும் அது, 2024 முதல் வணிக நோக்கற்ற ஓர் அமைப்பின் காப்பில் உள்ளது. அதன் நிரலை எவரும் படிக்கலாம். அதன் சொற்களை எம்மொழியினரும் தம் மொழியில் ஆக்கலாம்.

மறையாக்கம் எவ்வளவு வலிதாயினும் நாளடைவில் அதில் ஓட்டை காணப்படுவது இயல்பே. 2017-இல் பெல்சியத்தின் இலூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்கூஃப், உலகெங்கும் அருகலையைக் காத்துவந்த முறையிலேயே ஒரு குறையைக் காட்டினார். புதுப்பிப்புப் பெற்ற கருவிகள் தப்பின. புதுப்பிப்புத் தர ஆளில்லாத மலிவுக் கருவிகள் ஓட்டையோடே நின்றன. ஆகலான் கருவி வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் வினா விலையைப் பற்றியதன்று. 'இதற்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும்?' என்பதே.

அவ்வினாவை அரசுகளும் கேட்கத் தொடங்கியுள்ளன. ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல்லைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா 2018-இல் இயற்றி 2020 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. பிரித்தானியா 2024 ஏப்பிரல் 29 முதல் அதனைத் தடுத்ததோடு, புதுப்பிப்புக் காலத்தை விற்பவர் வெளிப்படையாகச் சொல்லவும் கட்டளையிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 அக்டோபரில் ஏற்கப்பெற்று, 2027 திசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளது. இந்திய நடுவணரசும் கண்காணிப்புப் படக்கருவிகளுக்குப் பாதுகாப்பு ஆய்வை 2025 ஏப்பிரல் முதல் கட்டாயமாக்கியது. வரவேற்கத்தக்கவையே. ஆனால் இவையெல்லாம் மூன்றாவது கட்டுறுத்தலைத் தொடவில்லை.

மொழியே முதற்பூட்டு

அலெக்சா 2017-இல் இந்தியாவிற்குள் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தது. 2019-இல் இந்தி பேசியது. தமிழுக்கு அவ்வாண்டிலும் அவ்விடந் தரப்படவில்லை. தெருவிலும் அலுவலகத்திலும் அஞ்சலகத்திலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற தமிழன், தன் வீட்டு விளக்கை ஏற்ற ஆங்கிலத்திலோ இந்தியிலோ கெஞ்ச வேண்டும் என்பது எத்தகைய இழிவு! தன்மானத்தை ஒதுக்கி வைத்து இதனைப் பாதுகாப்புச் சிக்கலாக மட்டும் நோக்கினும் இடர் அதே அளவு பெரிதாகவே தெரியும்.

தனித்து வாழும் அத்தாயின் கைப்பேசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றுகிறது. 'உள்மென்பொருள் பழையதாயிற்று, புதுப்பிக்கவும்' என்றோ, 'புதிய இடத்திலிருந்து ஒருவர் நுழைந்துள்ளார், அது நீங்களா?' என்றோ அவ்வரி சொல்கிறது. அவள் தமிழை நன்கு படிப்பவள், ஆங்கிலம் அறியாள். தொந்தரவு தீரட்டும் என்று ஏதோ ஒரு பொத்தானைத் தொடுகிறாள். 39 இலக்க எண்ணளவு திறவுகோல்களால் காக்கப்பட்ட வீடு, பொருள் விளங்காத ஒரு சொல்லால் திறந்துவிடுகிறது. இதில் அவள் குற்றம் யாது? காவற்காரன் 'திருடன்! திருடன்!' என்று கூவினான். வீட்டாருக்குத் தெரியாத மொழியிற் கூவினான்.

மற்றொன்றும் உண்டு. அமைவுப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதாலேயே, பொருத்த வருபவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கடவுச்சொல்லை அமைப்பவர் அவர். அதனைத் தம் கைப்பேசியில் வைத்துக்கொள்பவரும் அவர். பல வீடுகளுக்கு ஒரே சொல்லை இட்டுச் செல்வோரும் உளர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் கொல்லன் பூட்டைச் செய்து கொடுத்தபின் திறவுகோலையும் கொடுத்துவிட்டுப் போவதே தொழிலறம். தம் மொழியிற் படித்துத் தாமே செய்ய முடியாதவர் அவ்வறத்தைக் கேட்டுப்பெறவும் முடியாதவராகிறார்.

'இசைகிறேன்' என்னும் கட்டமும் அத்தகையதே. பல பக்க ஆங்கில உடன்படிக்கையின் அடியில் ஒரு தொடுதலால் பெறப்படும் இசைவு, விளங்காதவரிடம் வாங்கிய கைந்நாட்டுக்கு ஒப்பு. 2023-இல் இயற்றப்பெற்ற இந்திய மின்னணுத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைப் பயனாளருக்குத் தரவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அவ்வட்டவணையில் தமிழ் உண்டு. தாளில் எழுதப்பட்ட அவ்வுரிமை, கேட்பார் இல்லையேல் தாளிலேயே உறங்கும். கேட்க வேண்டியவர் தமிழரே.

தமிழிற் சொற்கள் இல்லை என்பார் இன்னும் சிலர். அருகலை, திசைவி, கடவுச்சொல், மறையாக்கம், உணரி, வழங்கி, முகில், செயலி, புதுப்பிப்பு என இக்கட்டுரைக்குத் தேவைப்பட்ட சொற்களுட் பெரும்பாலானவை முன்னரே வழக்கிலுள்ளவை. பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் சொல்வளத்துக்கு அரணாக நிற்கிறது. 1999-இல் தமிழுக்கெனத் தனி விசைப்பலகையைத் தரப்படுத்திய அரசுக்குக் கருவிகளின் எச்சரிக்கைச் சொற்களைத் தரப்படுத்துவது அரிய செயலன்று. சொல் இருக்கிறது. கருவியில் அது ஏற வேண்டும் என்னும் உறுதியே இன்னும் வரவில்லை. 'தமிழில் ஆக்கினால் விலை ஏறும்' என்பார்க்கு, ஒரு கருவியின் எச்சரிக்கை வரிகள் சில நூறே என்பதும், ஒருமுறை மொழிபெயர்த்தால் கோடிக்கணக்கான கருவிகளில் அவை பயன்படும் என்பதும் விடையாகும்.

செய்யத்தக்கவை

திறன்மனை அமைக்க விழையும் தமிழ்க்குடும்பத்தார் உடனே செய்யத்தக்கவை சில உள.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் பொருத்துநர் இட்டதையும் அன்றே மாற்றுக. ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச்சொற்களைக் கோத்து நெடிய கடவுச்சொல் அமைக்கலாம். நினைவிலும் நிற்கும், ஊகித்தற்கும் அரிது. திருக்குறளின் முதலடியை வைப்பவர், அது திருடனுக்கும் நெட்டுரு என்பதை மறவற்க. பெயரும் பிறந்த நாளும் வேண்டவே வேண்டா.

கணக்கு வைத்தே தீரவேண்டிய செயலிகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் முறையை, இயக்கி வைக்க. திசைவியில் விருந்தினர்க்கென அமையும் தனி வலையமைப்பில் படக்கருவிகளையும் விளக்குகளையும் வைத்து, வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியையும் கைப்பேசியையும் வேறு வலையமைப்பில் வைக்க. திண்ணை வரை வருவாரை அடுக்களை வரை விடாதது தமிழர் வீட்டமைப்பு. வலையமைப்புக்கும் அதுவே நெறி.

இணையம் இல்லாதபொழுதும் இயங்குமா என்று கேட்டு வாங்குக. அங்காடியிலேயே இணையத்தைத் துண்டித்து இயக்கிக் காட்டச் சொல்லுக. கதவுப் பூட்டாயின் கைத்திறவுகோலும் உள்ளதையே கொள்க. புதுப்பிப்பு நின்றுபோன கருவியை இணையத்தினின்று விலக்குக. படுக்கையறையிலும் குளியலறையிலும் படக்கருவி எக்கரணியத்தாலும் வேண்டா. பெற்றோர் வீட்டிற் பொருத்தும் பிள்ளைகள், அவர்தம் இசைவைக் கேட்டு, எங்கே பார்க்கிறது, எப்பொழுது பார்க்கிறது, எவ்வாறு நிறுத்துவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கருவியருகே ஒட்டிச் செல்க. அன்பின் பெயராலும் ஒருவர் அகத்தை அவர் அறியாமல் நோக்குதல் அறமாகாது.

தமிழ்நாட்டரசு செய்யவேண்டியது ஒன்று முகாமையானது. அரசு வாங்கும் ஒவ்வொரு வலையமைப்புக் கருவியும் தமிழ் அமைவுப் பக்கமும் தமிழ் எச்சரிக்கையும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று கொள்முதல் நெறி வகுக்க வேண்டும். அவ்வாறு வகுத்தால் விற்போர் தாமே தமிழ் கற்பர். கணினி பயின்ற தமிழிளைஞர் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவதைத் தொண்டாக மேற்கொள்ள வேண்டும். தமிழாசிரியர் அவர்களோடு அமர்ந்து சொல் தேர்ந்து தரவேண்டும். பட்டிமன்றத்தில் தமிழின் இனிமை பேசுவதைவிட, ஒரு பூட்டின் எச்சரிக்கை வரியைத் தமிழாக்குவது இன்று தமிழுக்குச் செய்யும் பெரும்பணி.

'என் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?' என்று கேட்பவர் உண்டு. மறைக்க ஒன்றும் இல்லாதவரும் இரவில் கதவைத் தாழிட்டே உறங்குகிறார். தாழ் குற்றத்தை மறைப்பதற்கு உரியதன்று. உள்ளே இருப்பவர் மாந்தர் என்பதற்கு அது அடையாளம். அகத்துக்குப் பெயர் சுட்டாத் திணை வகுத்த இனம், தன் அகத்தின் திறவுகோலை அயலார் முகிலிலும் அயன்மொழிச் சொல்லிலும் தொங்கவிட்டு உறங்குதல் ஆகாது. வீட்டுப் பேச்சு வீட்டுக்குள் முடிக. திறவுகோல் வீட்டார் மடியில் இருக்க. அதன்மேல் பொறித்த எழுத்து தமிழாக இருக்க!